பிரேக்கம்மாவும் ஹீட் முள்ளும்

பிரேக்கம்மா பிரேக்கை மிதித்தால் அவருடைய கார் மட்டும் நிற்காது. எதிரே வருகிற சைக்கிள் நிற்கும், ஓரமாகப் போகிற நாய் நிற்கும், மாடியில் துணி காயப்போடுகிறவருக்குக் காலையிலிருந்து விடாமல் வந்துகொண்டிருந்த விக்கலும் நிற்கும். அப்படி ஒரு கால் அது. டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் வைத்திருப்பார்கள் இல்லையா, அந்தப் பிரேக்தான் அவருக்குச் சோறு போடுகிறது. சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவரே ஒரு நொடி திரும்பிப் பார்ப்பார், நம் பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் போலிருக்கிறது என்று.

கார் ஓட்ட அவர் கற்றுக்கொண்டதே ஒரு வேடிக்கை. அப்போது பிஸ்கட் பாக்டரியில் டப்பா அடைக்கிற வேலை. ஒரு நாள் வேன் டிரைவர் இடுப்பு பிடித்துக்கொண்டு கேட்டுக்கு நடுவிலேயே வண்டியை விட்டுவிட்டுப் படுத்துவிட்டார். உள்ளே இருப்பவர்கள் வெளியே போக முடியவில்லை, வெளியே இருப்பவர்கள் உள்ளே வர முடியவில்லை. நம்ம ஆள் போய் வேனில் ஏறி, எந்தப் பெடலை மிதித்தால் என்ன ஆகிறது என்று ஒவ்வொன்றாக மிதித்துப் பார்த்தார். வேன் துள்ளியது, இருமியது, முனகியது. கடைசியில் ஒழுங்காகப் போய் மரத்தடியில் நின்றது. தைரியத்தில் செய்தார் என்று ஊரே சொல்கிறது. தைரியமெல்லாம் இல்லை. நடுவில் இருக்கிற பெடல் எதற்கு என்று தெரியாமல் அன்றைக்கு ராத்திரி அவருக்குத் தூக்கம் வந்திருக்காது, அவ்வளவுதான்.

அந்தக் குணம் இன்னும் போகவில்லை. தண்ணீர்க் குழாய் ஏன் முதலில் இருமிவிட்டுத் தண்ணீர் விடுகிறது, பூனை ஏன் மூடிய கதவின் இந்தப் பக்கமே உட்காருகிறது, எல்லாவற்றுக்கும் அவருக்குக் காரணம் வேண்டும். சொல்லாவிட்டால் விடமாட்டார். சொன்னாலும் விடமாட்டார்.

வீட்டின் முன்னறைதான் டிரைவிங் ஸ்கூல். சுவரில் ஒரு கரும்பலகை, மேஜை மேல் பார்க்கிங் சொல்லிக்கொடுப்பதற்கு நாலைந்து பொம்மைக் கார், உட்கார மூன்று நாற்காலி. அந்த நாற்காலிகளை யாராவது கவிழ்த்துப் பார்த்தால் மயங்கி விழுந்துவிடுவார்கள். மேல்பக்கத்தைவிட அடிப்பக்கம் பளபளக்கும். அது பிரேக்கம்மாவின் வீட்டுக்காரர் கைவரிசை. அவர் பெயின்டர். கேட், ஷட்டர், வண்டி என்று கிடைத்ததற்கெல்லாம் பெயின்ட் அடிப்பவர். அடிப்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒருமுறை பிரேக்கம்மா கேட்டதற்கு, பல்லி பார்க்காதா என்று திருப்பிக் கேட்டார். பிரஷ் போகாத இடத்துக்குத் துணி போகும், துணி போகாத இடத்துக்கு விரல் போகும். பெயின்ட் போகாத இடம் என்று ஒன்று இருந்தால் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

இந்தத் தடவை வருடாந்தர பரிசோதனைக்கு முன்னால் டிரைவிங் ஸ்கூல் காரையும் அவர் கையில் எடுத்தார். அரதப்பழசான கார். அந்த மாடலைச் செய்த கம்பெனிக்காரர்களே அதை மறந்து ரொம்ப நாளாகிறது. அதற்கு ஒரு ஸ்பேர் பார்ட் வேண்டுமென்றால் காயலான் கடையில் தவம் இருக்க வேண்டும். அந்தக் காரை அவர் போல்ட் போல்ட்டாகக் கழற்றி, தேய்த்து, ஆகாய நீலத்தில் குளிப்பாட்டி, மறுபடியும் போல்ட் போல்ட்டாக மாட்டினார். வெளியே வந்தபோது பக்கத்து வீட்டுக் குழந்தை அதில் முகம் பார்த்துப் பவுடர் பூசிக்கொண்டது. பரிசோதனையில் ஒரு குறையும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் ஹீட் முள் தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது.

ஹீட் முள் என்றால் ஸ்டியரிங்குக்குப் பின்னால், வேகம் காட்டுகிற மீட்டருக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு முள். எஞ்சினுக்குள் ஓடுகிற தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று சொல்லும். நடுவில் நின்றால் சுகம். சிவப்புக் கோட்டுக்குப் போனால் எஞ்சினுக்குக் காய்ச்சல். இத்தனை வருஷமும் நடுவிலேயே தூங்கிக்கொண்டிருந்த முள், கடைத்தெரு நெரிசலில் மாட்டினால் மெல்ல மெல்ல ஏறிச் சிவப்பைத் தொட்டது. நெரிசல் தாண்டிப் பெரிய ரோட்டுக்கு வந்தால் சமர்த்தாக இறங்கிவிட்டது.

பிரேக்கம்மா மெக்கானிக்கிடம் போனார். மெக்கானிக்குக் கழட்டி என்று பட்டப்பெயர். குடையை ரிப்பேருக்குக் கொடுத்தாலும் முதலில் எஞ்சின் எங்கே என்று தேடிக் கழற்றுவார் என்பார்கள். ஆனால் மனுஷன் கெட்டிக்காரர், நியாயஸ்தர். அவர் சொன்னதில் தப்பே இல்லை. வண்டி ஓடும்போது முன்னாலிருந்து காற்று அடிக்கும், தண்ணீர் ஆறும். நெரிசலில் நிற்கும்போது காற்று கிடையாது, உள்ளே இருக்கிற ஃபேன்தான் ஓடி ஆற்ற வேண்டும். நெரிசலில் மட்டும் சூடு ஏறுகிறதென்றால் ஃபேன் ஒழுங்காக ஓடவில்லை. முள் சிவப்பில் நின்றபோது ஃபேன் சத்தமே இல்லை என்று பிரேக்கம்மாவும் சாட்சி சொன்னார். ஃபேன் சுவிட்சை மாற்றினார்கள். முள் ஏறியது. தண்ணீர் போகிற வழியில் இருக்கிற தெர்மோஸ்டாட்டை மாற்றினார்கள். முள் ஏறியது. முள்ளுக்குச் சேதி அனுப்புகிற சென்சாரையே மாற்றினார்கள். முள் இன்னும் கொஞ்சம் உற்சாகமாக ஏறியது.

இதில் பெரிய அவமானம் என்னவென்றால், வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய் எஞ்சினை ஓடவிட்டு எல்லாரும் சுற்றி நின்று பார்த்தால் முள் நடுவிலேயே நிற்கும். டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டுப்போகிற பிள்ளை மாதிரி.

கடைசியில் கழட்டி உட்கார்ந்து யோசித்து, எஞ்சினின் மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் நடுவில் இருக்கிற ஹெட் கேஸ்கெட்தான் போயிருக்க வேண்டும், எஞ்சினைத் திறந்துவிடலாம் என்றார். திறந்தால் மூடுவதற்குச் சாமான் கிடைக்குமா என்று கேட்டார் பிரேக்கம்மா. கழட்டி கையைத் துடைக்கிற துணியால் ஏற்கனவே துடைத்த கையை மறுபடியும் துடைத்தார்.

இந்த நேரம் பார்த்துத்தான் ரிவர்ஸ் தம்பி வந்தார். பிரேக்கம்மாவிடம் கற்றுக்கொண்ட பழைய மாணவர். அந்தக் காலத்தில் முதல் கியர் போடு என்றால் ரிவர்ஸ் கியரைத்தான் போடுவார். ஊரில் பாதிச் சுவர் அவர் முதுகைத்தான் பார்த்திருக்கிறது. அப்படிப் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தவர் எப்படி இவ்வளவு முன்னுக்கு வந்தார் என்பது இன்னும் யாருக்கும் புரியவில்லை. இன்றைக்கு ஊரிலேயே பெரிய டிரைவிங் ஸ்கூல் அவருடையது. இன்னொரு கிளை திறக்கப் போகிறார். அதற்கு டீச்சர்தான் வரவேண்டும் என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார். புதுக் கார், ஏசி, தோளில் பட்டை வைத்த சட்டை. சனிக்கிழமைக்குள் பதில் சொன்னால் போதும்.

நல்ல வேலைதான். ஆனால் அதற்குப் போனால் முன்னறையைப் பூட்ட வேண்டும், நீலக் காரை எடைக்குப் போட வேண்டும். அது மட்டுமா. அங்கே கற்றுக்கொடுப்பவர்கள் யாரும் காரின் பானெட்டைத் திறக்கக் கூடாதாம், கம்பெனிக்காரர்கள்தான் வந்து திறப்பார்களாம். மூடிய பானெட்டுக்குப் பின்னால் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே பிரேக்கம்மாவுக்கு மூச்சு முட்டியது. பெயின்டரோ போய்விடலாம் என்றுதான் சொன்னார். எஞ்சின் போன வண்டிக்குப் பெயின்ட் அடித்து என்ன, பிணத்துக்குப் பவுடர் பூசின மாதிரி என்று முணுமுணுத்துவிட்டு, போய் ஒரு துணியை எடுத்து அந்த வண்டியையே துடைத்தார்.

வியாழக்கிழமை காலை சலூன்காரருக்குப் பாடம். முடிவெட்டும் மனுஷன் கார் கற்றுக்கொண்டால் எப்படி இருக்கும்? வாழ்நாள் முழுக்கக் கண்ணாடியைப் பார்த்தே வேலை செய்தவர், ரோட்டையும் கண்ணாடியில்தான் பார்ப்பார். முதலில் தன் கிருதா, பிறகு தன் மீசை, நேரம் மிச்சமிருந்தால் பின்னால் வருகிற லாரி. அதனால் அவர் ஓட்டும்போது பிரேக்கம்மாவின் கால் பிரேக்கை விட்டு எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. வரிசையில் போய் நின்றார்கள். சலூன்காரர் கொட்டாவி விட்டுக்கொண்டே கிளச்சை விட்டுவிடுவாரோ என்று பயந்து பிரேக்கம்மா தன் பக்கத்துப் பிரேக்கை அழுத்தியபடியே உட்கார்ந்திருந்தார். கண் ஹீட் முள் மேல். அது வழக்கம் போல மெல்ல மெல்ல, படியேறுகிற கிழவர் மாதிரி நின்று நின்று ஏறியது. சிவப்பைத் தொட்டது.

"டீச்சர், காலை எடுங்க. ஹேண்ட் பிரேக்கு போட்டு நியூட்ரல்ல வெச்சாச்சு. நீங்க மிதிக்கிற மிதியில ரோட்டுல பள்ளம் விழுந்துடப் போவுது" என்றார் சலூன்காரர்.

பிரேக்கம்மா காலை எடுத்தார். ரயில் வந்தபாடில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் முள் இறங்கிக்கொண்டிருக்கிறது. சிவப்பை விட்டு, நடுவை நோக்கி, ஏறின அதே வேகத்தில்.

"முள்ளு எறங்குது" என்றார் பிரேக்கம்மா.

"எறங்கினா நல்லதுதானே."

"ஏன் எறங்குது? காத்து அடிச்சிச்சா? ஃபேன் ஓடிச்சா? தண்ணி ஊத்தினோமா? நாமதான் ஒண்ணுமே செய்யலியே."

சலூன்காரர் கண்ணாடியில் மீசையை ஒதுக்கிக்கொண்டே சொன்னார். "நீங்க காலை எடுத்தீங்களே."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் பிரேக்கம்மா அவரை ஏதோ ஜோசியம் சொன்னவரைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு பிரேக்கை மிதித்தார். ஒன்றும் ஆகவில்லை. காலை எடுக்காமல் காத்திருந்தார். முள் மெல்ல அசைந்து மேலே கிளம்பியது. காலை எடுத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கீழே வந்தது. மறுபடியும் மிதித்தார்.

அதற்குள் ரயில் போய்விட்டது, கேட் திறந்துவிட்டது. பின்னால் நின்ற லாரிகள் அடித்த ஹாரனில் தண்டவாளமே இரண்டு அங்குலம் தள்ளிப் போயிருக்கும். இவர்கள் நகரவில்லை. ஹெட்லைட்டைப் போடுங்கள் என்றார் பிரேக்கம்மா. பட்டப்பகலில் எதற்கு என்று கேட்டுக்கொண்டே சலூன்காரர் போட்டார். முள் இன்னும் உயர்ந்தது. வைப்பரைப் போடுங்கள் என்றார். மழையே இல்லையே என்றார் சலூன்காரர். காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கிறீச்சிட்டது, முள் சிவப்புக்குள் போய்ச் சௌகரியமாக உட்கார்ந்தது. எல்லாவற்றையும் அணைத்தார்கள். முள் நடுவுக்கு வந்துவிட்டது. பக்கத்தில் வந்து எட்டிப்பார்த்த லாரி டிரைவர் ஏதோ திட்ட வந்தவர், உள்ளே இரண்டு பெரிய மனிதர்கள் வெயிலில் விளக்கையும் வைப்பரையும் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

ஓரமாக நிறுத்தி பானெட்டைத் திறந்து பார்த்தார் பிரேக்கம்மா. கொதிக்கிற சத்தம் இல்லை, ஆவி இல்லை, தீய்கிற வாசனை இல்லை. முள் சிவப்பில் நின்ற நேரமெல்லாம் ஃபேன் ஓடாமல் இருந்ததே, அது சோம்பேறித்தனம் இல்லை. ஓட வேண்டிய அளவுக்குச் சூடே இல்லை. அப்படியென்றால் சூடு ஏறவில்லை, முள் மட்டும்தான் ஏறுகிறது.

நெரிசலில் ஏன் ஏறுகிறது என்பதும் இப்போது புரிந்தது. நெரிசலில் கால் பிரேக் மேலேயே இருக்கும். பெரிய ரோட்டில் இருக்காது. வொர்க்‌ஷாப்பில் எஞ்சினை மட்டும் ஓடவிட்டுச் சுற்றி நின்று பார்ப்பார்கள், யாரும் பிரேக்கை மிதிக்கமாட்டார்கள். முள்ளும் உடனே குதிக்கிற ரகம் இல்லை, சாவகாசமாக ஏறுகிற ரகம், அதனால் இரண்டையும் யாரும் முடிச்சுப்போடவில்லை. ஓட்டுகிறவருக்கோ கண் ரோட்டில் இருக்கும். ஒரு காலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டு, கையில் வேலை இல்லாமல், முள்ளையே முறைத்துக்கொண்டு உட்காருகிற பிழைப்பு உலகத்திலேயே டிரைவிங் ஸ்கூல்காரர்களுக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறது.

ஆனால் பிரேக்கை மிதித்தால் பின்னால் எரிகிற பிரேக் லைட்டுக்கும் எஞ்சின் சூட்டுக்கும் என்ன சம்பந்தம்? அது அவருக்குப் புரியவில்லை. பாடத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டு, சலூன்காரரையும் இறக்கிவிடாமல், நேராகக் கழட்டியிடம் போனார்.

கழட்டி அப்போதுதான் கறுப்பு டீயை வாயில் வைத்திருந்தார். பிரேக்கம்மா விஷயத்தைச் சொன்னதும், ராத்திரி சரியாகத் தூங்கினீர்களா டீச்சரு என்று விசாரித்தார். நேரில் பாருங்கள் என்று இவர் செய்துகாட்டினார். பிரேக், ஹெட்லைட், வைப்பர். முள் ஏறியது. கழட்டி டீ டம்ளரைப் பானெட் மேல் வைக்கப் போய், அந்தப் பெயின்டைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் தரையில் வைத்தார்.

"இந்த மாதிரி லைட்டைப் போட்டா முள்ளு ஆடுச்சுன்னா எர்த்துதான் தகராறு. ஆனா எர்த்து போயிருந்தா செல்ப் எடுத்து வண்டி ஸ்டார்ட் ஆகக் கூடாதே. உங்க வண்டி தட்டினதும் எடுக்குது" என்றார்.

"எர்த்துன்னா என்னண்ணே?"

கழட்டிக்கு விளக்கம் சொல்வதில் பிரியம் அதிகம். லைட்டுக்குப் போகிற கரண்ட் வேலையை முடித்துவிட்டு பேட்டரிக்கே திரும்பி வர வேண்டும், அது வண்டியின் தகரத்து வழியாகத்தான் திரும்புகிறது, அந்தத் திரும்புகிற பாதைக்குத்தான் எர்த்து என்று பெயர் என்றார். வீட்டுக்குத் திரும்பும் வழி அடைபட்டால் வேலைக்குப் போன கரண்ட் கண்ட சந்துகளில் புகுந்து வரும், வருகிற வழியில் இருக்கிற மீட்டரையெல்லாம் குழப்பிவிடும்.

"உங்க வண்டியில பேட்டரிலேருந்து வர்ற தடி ஒயரு நேரா எஞ்சின்லதான் மாட்டியிருக்கு. செல்ப் எஞ்சின்லதான் இருக்கு, அதனால அதுக்குக் கவலை இல்ல. எஞ்சின்லேருந்து பாடிக்கு மட்டும் ஒரு பட்டை..."

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. உள்ளே போய் ஒரு தடித்த கேபிளை எடுத்து வந்தார். ஒரு முனையை எஞ்சின் இரும்பில் கவ்வவிட்டார். இன்னொரு முனையை எங்கே கவ்வுவது என்று தேடினார். பெயின்ட் இல்லாத இடமே கிடைக்கவில்லை. கடைசியில் கதவுக் கீலில் உராய்ந்து தேய்ந்த ஓர் ஓரத்தில் கொண்டுபோய் மாட்டினார். உள்ளே சலூன்காரர் ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டு, பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருந்தார். முள் சிவப்பில்.

மூன்று பேரும் முள்ளையே பார்த்தார்கள். அது கொஞ்ச நேரம் வீம்பாக நின்றது. பிறகு, யாரும் தன்னைத் துரத்தவில்லை என்பது போல, மெல்லத் திரும்பி நடந்து நடுவில் போய் நின்றது. வைப்பர் மட்டும் விடாமல் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

பிறகு தேட வேண்டிய இடம் ஒன்றுதான். எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகிற பின்னல் பட்டை. அதைப் பிடித்துக்கொண்டே போனால் பாடியில் ஒரு போல்ட். கழட்டி ஸ்பேனரைப் போட்டுக் கழற்றினார். பட்டையின் முனைக்கு அடியில் ஆகாய நீலம். முனையின் மேலும் ஆகாய நீலம். ஓட்டைக்கு உள்ளேகூட, விரலை விட்டுத் தடவியது போல, ஒரே சீராக ஆகாய நீலம். ஒரு நகைப் பெட்டிக்குள்கூட இவ்வளவு சுத்தமாகப் பூசியிருக்கமாட்டார்கள். இரும்பும் இரும்பும் ஒட்டிக் கரண்ட் போக வேண்டிய இடத்தில் இரண்டு பேருக்கும் நடுவில் கெட்டியாகப் பெயின்ட். போல்ட்டின் புரி வழியாக ஏதோ கொஞ்சம் கசிந்து போயிருக்கிறது, அவ்வளவுதான்.

கழட்டிக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. பிரேக்கம்மா முகத்தைப் பார்த்துவிட்டு அதை விழுங்கினார். விழுங்கின சத்தம் கேட்டது.

"டீச்சரு, வேலை என்னமோ படு சுத்தம்" என்று மட்டும் சொன்னார்.

உப்புக்காகிதத்தை எடுத்து அந்த இடத்தைத் தேய்க்கப் போனவரைப் பிரேக்கம்மா தடுத்தார். சத்தம் போடாமல் சுரண்டி மாட்டிவிட்டால் வீட்டில் தெரியாமலே போகும். ஆனால் சலூன்காரர் சாட்சியாக உட்கார்ந்திருக்கிறார். சலூனுக்குப் போன சேதி ஊரில் எந்த வாசலுக்குப் போகாமல் இருந்தது? ஷேவிங்குக்கு உட்கார்ந்திருக்கிறபோது, கழுத்தில் கத்தி இருக்கிறபோது, தன் பெயின்டால்தான் பெண்டாட்டி வண்டி எடைக்குப் போக இருந்தது என்று வீட்டுக்காரர் கேள்விப்படுவதைப் பிரேக்கம்மாவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. போன் போட்டு வரச் சொன்னார்.

பெயின்டர் கையில் காயாத பச்சைப் பெயின்டோடு வந்தார். வண்டி செத்துவிட்டது என்று சொல்லத்தான் கூப்பிட்டார்கள் என்று நினைத்து முகத்தைத் தயாராக வைத்திருந்தார். பிரேக்கம்மா போல்ட் இருந்த இடத்தைக் காட்டினார். விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். பெயின்டர் குனிந்து பார்த்தார். நிமிரவே இல்லை.

"நாந்தானா?"

"நீங்கதான்."

"அங்க மட்டும் துருப்பிடிச்சிருந்துச்சும்மா. அப்பிடியே விட மனசு வரல."

"தெரியும்."

"எஞ்சின் போச்சு, நீ வேலைக்குப் போயிடுன்னு வேற சொன்னேன்."

"அதுவும் தெரியும். அடிச்சது நீங்க, எடுக்குறதும் நீங்களே எடுங்க. வேற ஆளு கை வெச்சா உங்களுக்குத் தாங்காது."

பெயின்டர் உப்புக்காகிதத்தை வாங்கினார். உடனே தேய்த்தாரா என்றால் இல்லை. முதலில் பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்து, தேய்க்க வேண்டிய இடத்தைச் சுற்றி வட்டமாக ஒட்டினார், ஓரம் பிசிறடிக்கக் கூடாதாம். கழட்டி வாயில் கையை வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அரை மணி நேரத்தில் ஒரு வட்டம் வெறும் இரும்பாகப் பளபளத்தது. பட்டையின் முனையையும் அப்படியே செய்தார். போல்ட்டை முறுக்கினார்கள். துருப்பிடிக்காமல் இருக்க மேலே கிரீஸ் தடவினால் போதும் என்று கழட்டி சொன்னார். மெலிசாக ஒரு கோட் என்று பெயின்டர் ஆரம்பித்தார். மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்ததில் வாயை மூடிக்கொண்டார்.

பிரேக்கை மிதித்தார்கள். ஹெட்லைட், வைப்பர், ஹாரன். முள் நடுவில் ஆணி அடித்தது போல நின்றது.

எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள், பிரேக்கம்மாவைத் தவிர. அவர் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை நாளாகப் பொய் சொன்ன முள், இப்போது மட்டும் உண்மை சொல்கிறது என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். கழட்டி தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"ஏறினாலும் சந்தேகம், எறங்கினாலும் சந்தேகம். உங்களை வெச்சிக்கிட்டு அந்த முள்ளு எப்பிடித்தான் குடும்பம் நடத்துதோ."

ஆனால் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. நாளை மறுநாள் ரிவர்ஸ் தம்பிக்குப் பதில் சொல்ல வேண்டும். வர முடியாது என்று சொல்லிவிட்டு, அடுத்த மாதம் நிஜமாகவே எஞ்சின் வெந்துபோனால் இரண்டும் கெட்டான் நிலைமை. முள் நிற்பது போதாது. அது சரியான நேரத்தில் ஏறவும் வேண்டும், சரியான நேரத்தில் இறங்கவும் வேண்டும்.

மறுநாள் விடிந்ததும், ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த காரில் போய் உட்கார்ந்தார். பெயின்டரும் பக்கத்தில் ஏறிக்கொண்டார். இவர்கள் இருவரும் ஒன்றாக எங்கும் போகாமல் காரில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சாவியைத் திருப்பினார். முள் அடியிலேயே படுத்திருந்தது. எஞ்சின் ஓடியது. பால்காரர் வந்து, கார் எங்கே கிளம்புகிறது என்று கேட்டுவிட்டு, எங்கேயும் இல்லை என்றதும் குழப்பத்தோடு போனார். முள் மெல்லத் தலை தூக்கியது. தண்ணீர்க் குழாயைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார் பிரேக்கம்மா. பெயின்டர் இறங்கிப்போய்த் தொட்டுப் பார்த்து, வெதுவெதுப்பு என்று அறிக்கை கொடுத்தார். முள் கால்வாசி வந்தது. இப்போது நல்ல சூடு. பாதிக்கு வந்தது. இப்போது கை வைக்க முடியவில்லை என்று விரலை உதறிக்கொண்டு வந்தார்.

பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. முள் நடுவைத் தாண்டி ஒரு மயிரிழை போயிற்று. பிரேக்கம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டார். சட்டென்று முன்பக்கம் விர்ரென்று ஒரு சத்தம். இத்தனை நாள் ஊமையாக இருந்த ஃபேன். அதன் காற்றில் முள் மெல்லப் பின்வாங்கி நடுவுக்கு வந்தது. ஃபேன் நின்றது. மறுபடியும் மயிரிழை, மறுபடியும் விர்ர். பிரேக்கம்மா பிரேக்கை மிதித்துக்கொண்டே, எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டே, அதை நாலைந்து தடவை பார்த்தார். சினிமாவுக்குப் போனால்கூட அவர் கண் அவ்வளவு விரியாது. பெயின்டர் முள்ளைப் பார்க்கவில்லை. இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதுமா?" என்றார்.

"போதும்" என்றார் பிரேக்கம்மா. ஆனாலும் இன்னும் ஒரு தடவை பார்த்தார்.

சனிக்கிழமை ரிவர்ஸ் தம்பிக்குப் போன் செய்தார். வண்டி நன்றாக இருக்கிறது, என் ஸ்கூலை நானே நடத்திக்கொள்கிறேன் தம்பி, கேட்டதற்கு ரொம்ப சந்தோஷம் என்று சொன்னார். டீச்சர் இப்படித்தான் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை என்றார் அவர். கேஸ்கெட் போய்விட்டது என்றார்களே, அது எப்படிச் சரியானது என்றும் விசாரித்தார். பிரேக்கம்மா கதையைச் சொன்னார். வீட்டுக்காரர் பெயரை மட்டும் அதில் சேர்க்கவில்லை. தானாகவே வந்து உட்கார்ந்துகொண்ட பெயின்ட் என்பது போலச் சொல்லி வைத்தார்.

ரிவர்ஸ் தம்பி தொண்டையைக் கனைத்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாமா? எங்க வண்டி ஒண்ணுல முள்ளு எழுந்திரிக்கவே மாட்டேங்குது. ஒரு வாரமாச்சு. கம்பெனிக்காரங்க வர்ற வரைக்கும் அப்பிடியே ஓட்டுங்கன்னு சொல்லிட்டாங்க."

வாசலில் சலூன்காரர் பாடத்துக்கு வந்து காரில் ஏறிக் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டிருந்தார். பிரேக்கம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"எழுந்திரிக்கவே இல்லியா, இல்ல கொஞ்சம் எழுந்து படுத்துக்குதா?"

"அதெல்லாம் பாக்கலியே டீச்சர்."

"வண்டி இப்ப எங்க நிக்குது?"

"வாசல்லதான்."

"போய் ஸ்டார்ட் பண்ணிட்டு, பானெட்டைத் தொறந்து தண்ணி இருக்கான்னு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "இல்ல, சூடா இருந்தா தண்ணி ஊத்துற மூடியைத் தொறக்காத தம்பி. முதல்ல போய் முள்ளை மட்டும் பாரு. நான் லைன்லயே இருக்கேன்."

ரிவர்ஸ் தம்பி நடந்துபோகிற செருப்புச் சத்தம் போனில் கேட்டது. கார்க் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிரேக்கம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தார்.